நான்காவது காரணி

நவம்பர் 11

ஸ்டெல்லா மேடம் ஒரு நோட்டுப் போடச் சொல்லிவிட்டார். "எந்தக் கேள்வியை எடுத்தே, எதை விட்டே, எதுக்குன்னு அன்னன்னைக்கு எழுதி வச்சுக்கோ வடிவு. வாய்மொழித் தேர்வுல கேப்பாங்க. அப்ப மோட்டைப் பார்த்துக்கிட்டு நிக்கக் கூடாது" என்றார். மேடம் என் ஆய்வு வழிகாட்டி. அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். அவருடைய கடைசி மாணவி நான். என்னை முடித்து அனுப்பிவிட்டால் அவருக்கும் நிம்மதி.

ஆகவே இது ஆய்வுக் குறிப்பு. வேறு எதையும் இதில் எழுதப் போவதில்லை. கல்லூரி மேசை இழுப்பறையில் இருக்கும். வீட்டுக்கு எடுத்துப் போகிற எண்ணம் இல்லை. பை ஏற்கெனவே கனக்கிறது.

பள்ளிகளில் வேலை பார்க்கும் பெண் ஆசிரியர்களின் சோர்வை அளக்க ஒரு அளவுகோல். இதுதான் ஆய்வு. நாற்பது வாக்கியங்கள். ஒவ்வொன்றும் தனக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு எண்ணை ஆசிரியை வட்டமிட வேண்டும். வாக்கியங்களைப் பள்ளிச் சோர்வு, வீட்டுச் சோர்வு, உடற்சோர்வு என்று மூன்றாகப் பிரித்திருக்கிறேன். எல்லாம் நானே எழுதியவை. நிபுணர்கள் ஏழு பேர் பார்த்து, பிரிவுகள் சரி என்று கையெழுத்தும் போட்டுவிட்டார்கள். நான் பிரித்தபடிதான் அவை சேர்கின்றனவா என்று கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியது பாக்கி.

மார்ச் முப்பத்தொன்றுக்குள் ஆய்வேடு கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. டாக்டர் பட்டம் இல்லாதவர்களுக்கு அடுத்த கல்வியாண்டில் வகுப்பு கிடையாது என்று எங்கள் பி.எட். கல்லூரி நிர்வாகமும் சொல்லிவிட்டது. நாற்பத்து நான்கு வயதில் வேலை தேடிப் போகிற தெம்பு எனக்கு இல்லை.

நவம்பர் 15

நிரப்பிய தாள்கள் வந்துவிட்டன. முந்நூற்றுச் சொச்சம். கணினியில் ஏற்ற வேண்டும். ஒருவர் படிக்க, ஒருவர் தட்டினால் பிழை வராது. வீட்டில் அவர்தான் படிக்கிறார்.

"நூத்திப் பதினேழு. ரெண்டு, நாலு, நாலு, அஞ்சு, ஒண்ணு…"

மஸ்கட்டில் ஸ்டோர் பார்த்தவர். சரக்குப் பட்டியல் வாசிக்கிற குரல். ஏறாது, இறங்காது, ஓர் எண்ணும் தவறாது. நடுவில் நிறுத்தி, "எல்லாத்துக்கும் அஞ்சு போட்டிருக்கா ஒருத்தி. சம்பளம் வாங்கையில மட்டும் களைப்பு வராது போல" என்றார். சிரித்தேன்.

கல்லூரியில் தமிழ் எடுக்கிற ரஹ்மத்திடம் சொன்னபோது, "உங்க வீட்டாளு தங்கம்க்கா. எங்க அவுகளுக்கு நான் என்ன படிச்சிருக்கேன்னே தெரியாது" என்றாள். அவள் கணவர் சவூதியில், தம்மாமில் இருக்கிறார்.

உண்மைதான். உதவி செய்கிறார். போன ஆண்டு ஜூனில் ஒரேயடியாக வந்ததிலிருந்து நிறையவே செய்கிறார். சமையலறை அலமாரியைக்கூட ஒழுங்குபடுத்தி, டப்பாக்களுக்குப் பெயர் ஒட்டி, எழுத்து வரிசையில் அடுக்கிவிட்டார். சீரகம் எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்னும் கை பழகவில்லை.

நவம்பர் 21

தாள்கள் ஏறிக்கொண்டிருக்கின்றன.

மிக்ஸி ஜாரைப் பக்கத்து வீட்டுக்கு இரவல் கொடுத்ததை அவரிடம் சொல்ல மறந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை முதல் பேசவில்லை. ஆனால் வேலை நிற்கவில்லை. தினமும் சாயங்காலம் உட்கார்ந்து எண்களைப் படிக்கிறார். ஒன்று முதல் ஐந்து வரை மட்டும் பேசுகிறார்.

இது ஆய்வுக் குறிப்பு இல்லை. அடுத்த முறை கவனமாக இருக்க வேண்டும்.

நவம்பர் 28

எல்லாத் தாள்களும் ஏறிவிட்டன. ஆறு தாள்களை விலக்கினேன். பாதியில் நிறுத்தியிருக்கிறார்கள்.

டிசம்பர் 3

முதல் ஓட்டம் முடிந்தது.

பி.எட். மாணவிகளுக்குக் காரணிப் பகுப்பாய்வை இப்படித்தான் சொல்லித் தருவேன்: ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போகிறீர்கள். யாரையும் தெரியாது. ஆனால் யார் யாரோடு சேர்ந்து வருகிறார்கள், யார் எழுந்தால் யார் எழுகிறார்கள், பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தால், யாரும் சொல்லாமலே இவர்கள் ஒரு குடும்பம், அவர்கள் ஒரு குடும்பம் என்று தெரிந்துவிடும். கேள்விகளும் அப்படித்தான். ஒன்றுக்கு ஐந்து போடுகிறவர்கள் இன்னொன்றுக்கும் ஐந்து போட்டால், இதற்கு ஒன்று போடுகிறவர்கள் அதற்கும் ஒன்று போட்டால், அந்த இரண்டுக்கும் பின்னால் ஒரே காரணம் இருக்கிறது. அதுதான் காரணி. எவை சேர்கின்றன என்று கணினி காட்டும். என்ன உறவு என்று சொல்லாது. பெயர் நாம்தான் வைக்க வேண்டும்.

மூன்று குடும்பங்களை எதிர்பார்த்தேன். நான்கு வந்திருக்கின்றன.

பள்ளி சரியாக வந்திருக்கிறது. வீட்டு வேலை சரி. உடம்பு சரி. நான்காவதில் நான்கு வாக்கியங்கள் தனியாக உட்கார்ந்திருக்கின்றன.

7. பள்ளி விட்டதும் உடனே வீட்டுக்குக் கிளம்பாமல் சற்று நேரம் உட்கார்ந்திருக்கத் தோன்றுகிறது.

19. வாசலில் வண்டி நிற்கும் சத்தத்திலேயே வருபவரின் மனநிலை எனக்குத் தெரிந்துவிடும்.

23. சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டே பேசுகிறேன்.

31. நீண்ட விடுமுறை நெருங்கும்போது உற்சாகம் குறைகிறது.

ஏழையும் முப்பத்தொன்றையும் பள்ளிச் சோர்வில் வைத்திருந்தேன். பத்தொன்பதை வீட்டில். இருபத்து மூன்றை உடம்பில். தொண்டை வறள்வது பற்றிய வாக்கியத்துக்குப் பக்கத்தில். ஏழு நிபுணர்களும் சரி என்றார்கள். ஒன்றும் புரியவில்லை. தலை வலிக்கிறது.

டிசம்பர் 5

மேடம் வீட்டுக்குப் போய் அட்டவணையைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"மண்டபத்துல நாலு பேரு தனியா உக்காந்திருந்தா உறவுதான்னு இல்லம்மா. ஃபேனுக்குக் கீழ இடம் பிடிச்சிருப்பாங்க."

"எண்ணெல்லாம் பலமா இருக்கு மேடம். புள்ளி ஏழுக்கு மேல."

"பேரு என்ன?"

அட்டவணையில் நான் போட்டிருந்த கேள்விக்குறியைக் காட்டினேன்.

"பேரு வைக்க முடியாத காரணியை வச்சுக்கக் கூடாது. நான் படிக்கையில எங்க சார் சொன்னது. நாலையும் தூக்கிட்டு மறுபடி ஓட்டு. மூணு அழகா வரும். உன் முன்மொழிவுல மூணுதான் இருக்கு. இப்பப் போயி நாலுன்னா ரெண்டு அத்தியாயம் மாத்தணும். மார்ச்சுக்குள்ள உன்னால ஆகுமா?"

ஆகாது என்றேன். காபி கொடுத்தார். சர்க்கரை போட மறந்துவிட்டார். நானும் சொல்லவில்லை.

டிசம்பர் 6

எடுத்துவிடுவது என்று முடிவு. அதற்கு முன் பிழை ஏதும் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறேன். ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து அச்சாகியிருந்தால் ஆசிரியைகள் ஒரே ஓட்டத்தில் ஒரே எண்ணை வட்டமிட்டிருப்பார்கள். அப்படி இல்லை. நான்கும் வேறு வேறு பக்கங்களில் இருக்கின்றன. எண்களைப் படித்ததில் தவறு நேர்ந்திருக்கலாம் என்று கட்டைப் பிரித்து ஐம்பது தாள்களைச் சரிபார்த்தேன். ஒன்றில்கூடத் தவறு இல்லை. அவர் படித்தால் தவறு இருக்காது.

டிசம்பர் 9

பஸ் ஸ்டாண்டில் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். பையில் வேறு தாள் இல்லாததால் நோட்டைக் கொண்டுவந்தேன். நாளை காலையில் இழுப்பறையில் வைத்துவிட வேண்டும்.

ஐந்து பத்துக்கு ஒரு பஸ் போனது. அதில் கூட்டம். ஐந்து நாற்பதுக்கு அடுத்தது. அதில் போவதுதான் வழக்கம். ஐந்து பத்து பஸ்ஸில் எப்போதும் கூட்டம் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். சில நாள் இருக்காது.

பெயர் யோசித்தேன். "வீடு திரும்பத் தயக்கம்" ஏழுக்குப் பொருந்தும், பத்தொன்பதுக்குப் பொருந்தாது. "நுண்ணுணர்வு" பத்தொன்பதுக்குச் சரி, முப்பத்தொன்றுக்கு? "திட்டமிடல்"? "தனிமை நாட்டம்"? நான்கையும் சேர்த்துப் பிடிக்கிற சொல் வரவில்லை. களைப்பாக இருக்கும்போது சொற்கள் வருவதில்லை.

டிசம்பர் 12

இன்று பழைய வரைவுகளைப் புரட்டினேன். முதல் வரைவு மூன்றாண்டுகளுக்கு முன் எழுதியது. அதில் இந்த நான்கும் இல்லை. போன ஆண்டு ஆகஸ்டில் திருத்திய வரைவில்தான் சேர்த்திருக்கிறேன். நான்கையும் ஒரே வாரத்தில். ஏதோ கட்டுரையில் படித்துவிட்டுச் சேர்த்ததாகத்தான் நினைவு. எந்தக் கட்டுரை என்று தேடினேன். கிடைக்கவில்லை.

டிசம்பர் 17

சாப்பாட்டு மேசையில் தாளை விட்டுவிட்டுப் பால் காய்ச்சப் போனேன். திரும்பி வந்தபோது அவர் கையில் இருந்தது. அந்த நான்கு வாக்கியங்கள், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

"இது என்ன?"

"நாலும் ஒண்ணா சேருது. பேரு வைக்கணும். கெடைக்கல."

நான்கையும் மெதுவாகப் படித்தார். இத்தனை நாளும் எண்களைத்தான் படித்திருக்கிறார். வாக்கியங்களைப் படிப்பது இதுதான் முதல் தடவை என்று தோன்றியது.

"இதுல என்ன கஷ்டம்? வர்றவன் என்ன மனசோட வாறான்னு தெரிஞ்சு வச்சுக்கிடுதா. பேசுததுக்கு முன்னாடி ஒரு தடவ யோசிக்கா. எங்கம்மா அப்படித்தான் இருந்தா. மரியாதைன்னு போடு."

"மரியாதையா?"

"பின்னே? இப்பதான் யாருக்கும் அது இல்லையே. இருக்கவளையாவது கணக்கு எடுத்திருக்கியே, நல்லது."

பால் பொங்கிவிட்டது. அடுப்பைத் துடைத்தேன். பொங்கியதற்கு ஒன்றும் சொல்லவில்லை. நல்ல மனநிலையில்தான் இருந்தார். வண்டி நின்றபோதே தெரிந்தது.

டிசம்பர் 19

மரியாதை. எழுதிப் பார்த்தேன். நான்குக்கும் ஓரளவு பொருந்துகிறது. மேடமும் ஒப்புக்கொள்வார். யாருக்கும் வருத்தம் இல்லாத பெயர்.

பெயர் வைத்தால் சோதிக்க வேண்டும். மாணவிகளுக்கு அதையும் சொல்லித் தருகிறேன்.

நாளை மறுநாள் முதல் அரையாண்டு விடுமுறை.

ஜனவரி 3

விடுமுறையில் எழுதவில்லை. நோட்டு இங்கே இருந்தது.

மதி வரவில்லை. கோயம்புத்தூரில் இரண்டாமாண்டு படிக்கிறாள். புராஜெக்ட் இருக்கிறதாம், பொங்கலுக்கும் விடுதியில்தான் இருப்பாளாம். போனில், "அம்மா, அப்பா எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள். நல்லா இருக்காங்க என்றேன். "அது தெரியும்மா. இன்னைக்கு எப்படி இருக்காங்க?" என்றாள். அவர் பக்கத்தில் இருந்தார். "மழை இல்ல, வெயில் நல்லா அடிக்கு" என்றேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. எப்போது இப்படிப் பேசப் பழகினோம் என்று யோசித்தேன். முன்பெல்லாம் தென்காசி மழையைப் பற்றிப் பேசினால் மழையைப் பற்றித்தான் பேசினோம்.

அவர் என்மேல் கை நீட்டியதே இல்லை. இதை இங்கே எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜனவரி 6

இன்று மரியாதையைச் சோதித்தேன்.

வினாத்தாளின் முதல் பக்கத்தில் சொந்த விவரங்கள் உண்டு. வயது, அனுபவம், குடும்பத்தில் எத்தனை பேர், கணவர் இருக்கும் இடம். மேடம் சொல்லிச் சேர்த்தவை. எங்கள் ஊர்ப்பக்கம் கணவர் வெளிநாட்டில் இருக்கும் ஆசிரியைகள் நிறைய.

மரியாதை என்றால் ஆள் தூரத்தில் இருந்தாலும் இருக்கும். கணவர் கூட இருப்பவர்களுக்கும் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் நான்காவது காரணியின் மதிப்பெண்ணில் பெரிய வித்தியாசம் வரக் கூடாது. அப்படி எழுதி வைத்துக்கொண்டுதான் ஓட்டினேன்.

வீட்டு வேலைச் சோர்வு, கணவர் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அதிகம். அது நியாயம்தான். கேஸ், ரேஷன், பிள்ளை, மாமியார் எல்லாம் ஒருத்தியே பார்க்கிறாள். உடற்சோர்வும் அவர்களுக்கே அதிகம்.

நான்காவது மட்டும் தலைகீழ். கணவர் வெளிநாட்டில் என்றால் குறைவு. கணவர் கூடவே என்றால் அதிகம். கணவரை இழந்தவர்கள் நாற்பத்தோரு பேர் இருந்தார்கள். அவர்களுக்குத்தான் எல்லோரையும்விடக் குறைவு. கிட்டத்தட்ட இல்லை.

தவறாக ஓட்டிவிட்டேனோ என்று மறுபடி ஓட்டினேன். அதே.

ஐந்து பத்து பஸ்ஸில் இடம் இருந்தது. அதிலும் ஏறவில்லை, ஐந்து நாற்பதையும் விட்டுவிட்டேன். இதைப் பஸ் ஸ்டாண்டில் எழுதுகிறேன். வீட்டில் பஸ் டயர் பஞ்சர் என்று சொல்ல வேண்டும். ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

ஜனவரி 7

ரஹ்மத்திடம் பேச்சுவாக்கில் கேட்டேன். "வாசல்ல வண்டி நிக்கிற சத்தத்த வச்சே வர்றவங்க என்ன மனசுல வர்றாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"எங்க வீட்டு வாசல்ல நிக்கிற ஒரே வண்டி கேஸ்காரன் வண்டிதான்க்கா. அவன் எந்த மனசுல வந்தா எனக்கென்ன?" என்று சிரித்தாள். மேலும் சிரித்துக்கொண்டே, "அவுக லீவுல வந்தா தெரியும். ரெண்டு மாசந்தானேன்னு ஓட்டிருவேன்" என்றாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. டிபன் பாக்ஸைத் திறந்து, "இடியாப்பம் எடுத்துக்கோங்க" என்றாள்.

இரண்டு வருடத்துக்கு முன் கேட்டிருந்தால் நானும் கேஸ்காரனைத்தான் சொல்லியிருப்பேன்.

ஜனவரி 9

ஒரு கணக்கை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. புது ஆட்களிடம் மறுபடி கொடுத்து, அப்போதும் நான்கும் ஒன்றாக உட்காருகின்றனவா என்று பார்க்க வேண்டும். முறையே அதுதான். மேடமிடம், நான்கையும் எடுப்பதற்கு முன் இரண்டாவது மாதிரி எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

"எடுத்துக்கோ. கலைஞ்சு போகும். உனக்கும் சமாதானமாகும்."

கலைந்தால் நல்லது. எழுதிய அத்தியாயங்களை அப்படியே கொடுத்துவிட்டுப் பத்து நாள் தூங்கலாம். கலைய வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

ஜனவரி 20

பொங்கல் முடிந்தது. பூண்டு டப்பாவில் மிளகைக் கொட்டிவிட்டேன். மூன்று நாள் பேசவில்லை.

ஜனவரி 30

இருநூறு தாள்கள். பாதிப் பள்ளிகளுக்கு ரஹ்மத் கொண்டுபோய்க் கொடுத்து வாங்கி வந்தாள். சங்கரன்கோவில் பக்கம் ஒரு பள்ளியில் தலைமையாசிரியர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "பொம்பள டீச்சருக்கு மட்டும்தான் களைப்பா? ஆம்பள என்ன எருமமாடா?" என்று கேட்டாராம். "எருமமாட்டுக்குத் தனி வினாத்தாள் வருது சார்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். நெடுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன். இருமல் வந்துவிட்டது.

பிப்ரவரி 6

அவர் படிக்க, நான் தட்டுகிறேன். இந்த முறை எனக்குக் காது வேறு மாதிரி கேட்கிறது. ஒவ்வொரு தாளிலும் ஏழாவது எண் வரும்போது விரல் நிற்கிறது. அப்புறம் பத்தொன்பதாவது.

"…அஞ்சு."

"…அஞ்சு."

"…ரெண்டு."

"என்ன நின்னுட்டே?" என்றார்.

"விரல் வலிக்கு."

எழுந்துபோய் வெந்நீர் வைத்துக் கொடுத்தார், விரலை முக்கி எடுக்க. வெந்நீரில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த மாதிரி நேரங்களில்தான் எனக்கு அதிகமாகக் களைக்கிறது.

பிப்ரவரி 13

கலையவில்லை. முன்பைவிட நெருக்கமாக உட்கார்ந்திருக்கின்றன.

பிப்ரவரி 14

மேடம் வீடு. இரண்டு மாதிரிகளின் அட்டவணைகளையும், கணவர் இருக்கும் இடத்தை வைத்துப் போட்ட சராசரிகளையும் மேசையில் வைத்தேன். கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். ஹாலில் அவர் கணவர் படத்துக்கு மின்விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"விதவைகள் எத்தனை பேரு?"

"ரெண்டு மாதிரியிலயும் சேர்த்து அறுபத்தாறு மேடம்."

"எல்லாருக்கும் குறைவா?"

"சராசரில குறைவு."

தாளைத் திருப்பி வைத்தார். "எங்க வீட்டுக்காரரு போயி ஆறு வருஷம் ஆச்சு. நல்ல மனுசன். சர்ச்சுல இப்பவும் சொல்லுவாங்க. ஆறு வருஷத்துக்கு முந்தி இந்த ஏழாம் நம்பருக்கு நான் அஞ்சு போட்டிருப்பேன் வடிவு. லைப்ரரில உக்காந்திருப்பேன், வாட்ச்மேன் வந்து ஃபேனை அணைக்குற வரைக்கும். படிப்பில ஆர்வம்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன்."

அட்டவணையை மறுபடி தன் பக்கம் இழுத்தார்.

"பேரு வச்சிட்டியா?"

"ஒரு பேரு இருக்கு மேடம். சொல்ல வரல."

"வாய்மொழித் தேர்வில சொல்லணும்ல?"

"பயம்."

சொல்லிவிட்டு அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்ப்பு வரும் என்று நினைத்தேன். எச்சரிக்கை உணர்வு, குடும்பச் சூழல் சார்ந்த விழிப்பு, இப்படி ஏதாவது மாற்றச் சொல்வார் என்று.

"ஆய்வேட்டுக்கு அச்சம்னு போடு" என்றார். "சோர்வை அளக்கப் போனோம், அச்சம் தனியா வந்துச்சு, ரெண்டும் ஒண்ணு இல்லன்னு எழுது. ரெண்டு அத்தியாயம் மாத்தணும். மார்ச்சுக்குள்ள உன்னால ஆகுமா?"

"ஆகாது மேடம்."

"செய்."

காபிக்கு இன்றைக்குச் சர்க்கரை போட்டிருந்தார்.

பிப்ரவரி 27

ஒரு அத்தியாயம் முடிந்தது. வகுப்பு, தாள் திருத்தம், சமையல், அத்தியாயம். சோறு குழைந்துவிட்டது. தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தார். குழைந்த சோற்றை நான் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 10

இரண்டாவது அத்தியாயத்தில் ஒரு பத்தி. இதுவரை தங்களைக் களைத்தவர்கள் என்று சொல்லிக்கொண்டவர்களில் ஒரு பகுதியினர் களைத்தவர்கள் அல்லர் என்று எழுத வேண்டியிருந்தது. ஓய்வு கொடுத்தால் இவர்களுக்குச் சரியாகாது, விடுமுறை கொடுத்தால் கூடும். மூன்று முறை எழுதி அடித்தேன். நான்காவது முறை அடிக்கவில்லை.

மார்ச் 19

டி.டி.பி. கடையிலிருந்து மெய்ப்பு வந்துவிட்டது. அட்டவணைகளை மூலத்தோடு ஒப்பிட வேண்டும். ஒருவர் படிக்க, ஒருவர் பார்க்க வேண்டும்.

ரஹ்மத் தானே கேட்டாள். "நான் படிக்கேன்க்கா. ஸ்டாஃப் ரூம்லயே உக்காந்து முடிச்சிரலாம். வீட்டுக்குக் கொண்டு போகாண்டாம்."

அவள் காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 20

யோசித்தேன். தொடக்கத்திலிருந்து எல்லா எண்களையும் அவர்தான் படித்தார்.

மார்ச் 23, ஞாயிறு

இன்று இதை வீட்டில் இருந்து எழுதுகிறேன்.

காலை ஆகாரம் முடிந்து உட்கார்ந்தோம். அட்டவணைகள் அவர் கையில். மூலம் என் கையில். பள்ளிச் சோர்வு முடிந்தது. வீட்டுச் சோர்வும் உடற்சோர்வும் முடிந்தன. ஓர் இடத்தில் மட்டும் ஒரு புள்ளி விட்டுப் போயிருந்தது. "டி.டி.பி.க்காரன் கண்ணை எங்க வச்சிருந்தான்?" என்றார்.

"காரணி நாலு" என்றார். "அச்சம்."

அதே ஸ்டோர் குரல். அடுத்த எண்ணும் வரும் என்று மூலத்தில் விரலை வைத்துக் காத்திருந்தேன். வரவில்லை.

"மரியாதைன்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்க. போட்டுப் பார்த்தேன். சரியா வரல."

"என்ன சரியா வரல?"

"மரியாதைன்னா ஆளு தூரத்துல இருந்தாலும் இருக்கணும்ல? புருஷன் வெளிநாட்டுல இருக்கவங்களுக்கு இது இல்ல."

தாளைப் பார்த்தார். "யாருக்கு அச்சம்?"

அதற்குப் பதில் தயாராக இருந்தது. டீச்சர்களுக்கு, பொதுவாக. இரண்டு நாளாக அடுப்படியில் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். குரல் எங்கே இறங்க வேண்டும் என்பதுவரை.

"எனக்கும்" என்றேன்.

இதைச் சொல்லிப் பார்க்கவில்லை. எனக்கே புதிதாகக் கேட்டது.

தாளை மேசையில் வைத்தார். எதையும் வீசவில்லை, சத்தம் போடவில்லை. வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சற்று நேரம் உள்ளங்கைகளை மேசையில் வைத்துக்கொண்டு இருந்தேன். அப்புறம், மார்ச் முப்பத்தொன்று இருக்கிறதே என்று, மீதியை நானே படித்து நானே பார்க்கத் தொடங்கினேன். தனியாகச் செய்தால் நேரம் இரண்டு மடங்கு ஆகிறது. ஒரு வரி படித்து, அதை மனதில் வைத்துக்கொண்டு, மறு தாளில் தேட வேண்டும்.

எப்போது திரும்பினார் என்று தெரியாது. நிமிர்ந்தபோது கதவருகில் நின்றுகொண்டிருந்தார். உட்கார்ந்தார். தாளைத் தன் பக்கம் இழுத்து, அந்த நான்கு வாக்கியங்களையும் மறுபடி படித்தார். வாய்க்குள். பத்தொன்பதில் விரல் நின்றது.

"நான் வண்டிய நிறுத்தும்போது ஒனக்குத் தெரியுமா? என்ன மனசுல வாறேன்னு?"

"தெரியும்."

"எப்பவுமா?"

"எப்பவும்."

தெருவில் காய்க்காரர் கூவிக்கொண்டு போனார்.

"இப்ப எப்படி நிறுத்துனேன்?"

யோசித்தேன். நிஜமாகவே நினைவில் இல்லை.

"கவனிக்கல. அட்டவணை பார்த்துக்கிட்டு இருந்தேன்."

என் முகத்தைப் பார்த்தார். பொய்யா என்று பார்த்திருக்கலாம். அப்புறம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "எது வரைக்கும் பார்த்திருக்கே?" என்றார். காட்டினேன். காரணி நான்கை மட்டும் தொடாமல் விட்டிருந்தேன்.

"ஏழு. பூஜ்யம் புள்ளி ஏழு எட்டு" என்று படித்தார். "பத்தொன்பது. பூஜ்யம் புள்ளி எட்டு ஒண்ணு." ஸ்டோர் குரல் இல்லை. ஓர் எண்ணைத் தவறாகப் படித்தார். திருத்தினேன். மறுபடி படித்தார்.

மார்ச் 24

பேசவில்லை.

மார்ச் 28

இன்னும் பேசவில்லை. ஆனால் காலையில் பார்த்தேன், சீரக டப்பாவை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். வரிசையில் இல்லை. இதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு மாதிரியை வைத்துச் சொல்லிவிட முடியாது.

மார்ச் 31

ஆய்வேடு கொடுத்தாகிவிட்டது. ஐந்து பிரதிகள். மேடம் கையெழுத்துப் போட்டுவிட்டு, "போய்த் தூங்கு" என்றார்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கி உட்கார்ந்தேன். ஐந்து பத்து பஸ் வந்தது. பாதி காலி. பார்த்துக்கொண்டே இருந்தேன், நகர ஆரம்பித்த பிறகு எழுந்துபோய் ஏறினேன். ஏழாம் வாக்கியத்துக்கு இன்று நான்கு போடலாம். இத்தனை நாளாக என்ன போட்டிருப்பேன் என்று இந்த நோட்டில் எங்கும் எழுதவில்லை. ஐந்து.

நோட்டு பையில் இருக்கிறது. கனக்கத்தான் செய்கிறது.